உங்கள் பல் கேப்பில் என்ன உலோகம் இருக்கிறது?

பண்ணைக்காட்டில் இருக்கும் என் பெரியம்மா போன ஐப்பசி மழையில் குடையும் கையுமாக வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை. "தம்பி, எம் பல்லுல பாதரசம் இருக்காம்ல? டிவியில சொல்றாங்க. கேட்டதுல இருந்து சோறு எறங்க மாட்டேங்குது. நீ பல்லு செய்யிற வேலை பாத்தவன்தான, சொல்லு, எடுத்துறவா?"

நான் பல் டாக்டர் இல்லை. திண்டுக்கல்லில் ஒரு பல் லேப்பில் பல வருடம் கேப் வார்த்தவன். டாக்டர் பல்லைச் சீவி அளவெடுத்து அனுப்புவார். நாங்கள் அதை மாவுக்கல்லில் அச்சாக்கி, மெழுகில் பல் செய்து, உலோகத்தை உருக்கி ஊற்றி, தேய்த்து, மேலே பீங்கான் ஏற்றித் திருப்பி அனுப்புவோம். எந்த வாய்க்கு எந்த உலோகம் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும். போட்டுக்கொள்கிறவருக்குத் தெரிந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பெரியம்மாவின் பயத்தில் எங்கள் மலைக்கும் பங்கு உண்டு. கொடைக்கானலில் பாதரசம் என்றால் பள்ளிக்கூடப் பாடம் நினைவுக்கு வராது, ஆலைதான் வரும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்த ஆலை இங்கே இருந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது 2001-ல் வெளியே வந்தது. அந்த வருடமே ஆலை மூடப்பட்டது. சோலைக்காட்டு மண்ணைப் பற்றியும், அங்கே வேலை பார்த்தவர்களின் உடல்நிலையைப் பற்றியும் வழக்கும் போராட்டமும் வருடக்கணக்கில் நடந்தன. அப்படிப்பட்ட ஊரில் "உன் வாயில் பாதரசம் இருக்கிறது" என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

"சரி, வாயைத் தொறங்க பெரியம்மா" என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது கீழ்க் கடைவாயில் கருஞ்சாம்பல் நிறத்தில் பழைய அடைப்பு. இருபது வருடத்துக்கு முன்னால் வத்தலக்குண்டில் அடைத்தது. அதைச் சுற்றி ஈறு, கன்னம், நாக்கு எல்லாம் சுத்தமாக இருந்தன. வலது மேல் வரிசையில் வெள்ளையாக ஒரு கேப், போட்டு ஏழெட்டு மாதம்தான் ஆகிறது. ஈறு அதைச் சுற்றி மட்டும் செக்கச்சிவப்பாக இருந்தது. கேப் உரசும் கன்னத்தில் நூல் இழைத்தாற்போல் மெல்லிய வெள்ளைக் கோடுகள்.

பயம் இடது பக்கம் இருந்தது, தொல்லை வலது பக்கம் இருந்தது.

விஷம் வேறு, ஒவ்வாமை வேறு

இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும். விஷம் என்பது அளவைப் பொறுத்தது. போதுமான அளவு உள்ளே போனால் யாரையும் தாக்கும், ஆள் பார்க்காது. ஒவ்வாமை ஆளைப் பொறுத்தது. ஊரே கத்தரிக்காய்க் கொத்சு சாப்பிடும், ஒருவருக்கு மட்டும் வாய் அரிக்கும். அவருக்கு ஒரு துண்டே போதும்.

உலோக ஒவ்வாமை இதிலும் ஒரு தனி வகை. தேனீ கொட்டினாற்போல உடனே வீங்கி மூச்சு முட்டுவது இல்லை. உலோகத்தில் இருந்து கண்ணுக்குத் தெரியாத அயனிகள் கரைந்து, தோலின் அல்லது வாயின் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டுப்பொருளை உடம்பின் நோய் எதிர்ப்புப் படையான டி செல்கள் அந்நியன் என்று அடையாளம் வைத்துக்கொள்ளும். முதல் சந்திப்பில் பெரும்பாலும் ஒன்றும் நடக்காது, பகை மட்டும் பதிவாகும். அடுத்தடுத்து அதே உலோகம் வரும்போது இரண்டு மூன்று நாள் கழித்துச் சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எல்லாம் வரும். இந்தத் தாமதம்தான் ஆளை ஏமாற்றுகிறது. திங்கட்கிழமை பட்டது புதன்கிழமை அரித்தால், செவ்வாய்க்கிழமை சாப்பிட்ட கருவாட்டின் மேல்தான் பழி விழும்.

இந்தப் பகை பெரும்பாலும் வாயில் தொடங்குவதில்லை, காதில் தொடங்குகிறது. பழனியில் மொட்டை போட்டுக் காது குத்தும்போது தாய்மாமன் போடும் தோடு பொன். 22 காரட் தங்கத்தில் 91.6 சதவீதம் தங்கம், மீதி வழக்கமாகச் செம்பும் வெள்ளியும். அதனால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. வளர்ந்த பிறகு திருவிழாவில் வாங்கிப் போடும் கவரிங் கம்மலில்தான் வினை. பித்தளை மேல் நிக்கல் பூச்சு, அதன் மேல் தங்கப் பூச்சு என்று வரும் நகைகள் நிறைய. மேல்பூச்சு தேய்ந்ததும் வியர்வையில் நிக்கல் கரைந்து, குத்திய துளைக்குள் நேராக இறங்கும். "எனக்குக் கவரிங் சேராது, காது புண்ணாயிரும்" என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதை யாரும் மருத்துவக் குறிப்பாக எடுத்துக்கொள்வதில்லை. என்னைக் கேட்டால் பல் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் அதுதான். வாட்ச் பட்டையின் பக்கிள், ஜீன்ஸ் பொத்தான் படும் தொப்புள் பக்கம், சேலைக்குக் குத்தும் ஊக்கு படும் இடம், இங்கெல்லாம் அரிப்பு வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்குக் கவரிங் சேராது. அது எங்கள் குடும்பத்துக்கே தெரியும். கேப் போட்ட டாக்டரிடம் அவர் சொல்லவில்லை. டாக்டரும் கேட்கவில்லை.

வாய்க்குள் இருக்கும் உலோகங்கள்

முதலில் அந்தச் சாம்பல் அடைப்பு. நம் பக்கம் "சிமெண்ட் அடைச்சிருக்கு" என்பார்கள், சிலர் "வெள்ளி அடைப்பு" என்பார்கள். மருத்துவப் பெயர் அமால்கம், தமிழில் இரசக்கலவை. எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. சில வகைகளில் துத்தநாகமும் சிறிது இருக்கும். ஓடிக்கொண்டே இருக்கும் பாதரசத்தை இந்தத் தூளோடு கலந்து அரைத்தால் சில நிமிடங்களில் இறுகத் தொடங்கும். போகரின் நவபாஷாணச் சிலை பற்றிய நம்பிக்கை பழனியில் எல்லோருக்கும் தெரியும். சித்தர்கள் ரசத்தைக் கட்டி மணியாக்கினார்கள் என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த அடைப்புதான் நினைவுக்கு வரும். கடைவாயில் உட்கார்ந்திருப்பதும் ஒரு வகை ரசக்கட்டுதான்.

இறுகிய பிறகு பாதரசம் உலோகங்களோடு பிணைந்துகிடக்கும். மெல்லும்போது மிகச் சிறிய அளவு ஆவி வெளியேறும் என்பது உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் இதைப் புதிதாக வைப்பதை, டாக்டர் அவசியம் என்று முடிவு செய்யும் சில நோயாளிகளைத் தவிர, நிறுத்திவிட்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தத்தில் இந்தியாவும் இருக்கிறது. ஆனால் உள்ளே நன்றாக இருக்கும் பழைய அடைப்பைப் பயந்து தோண்டி எடுக்காதீர்கள் என்றுதான் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.யும் 2020-ல் சொன்னது. தோண்டும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். ஒவ்வாமை என்று உறுதியானவர்களுக்கு இதில் விலக்கு உண்டு. அமால்கத்துக்கு ஒவ்வாமை வருவது அபூர்வம். வந்தால் அடைப்பு உரசும் கன்னத்திலோ நாக்கு ஓரத்திலோ வெள்ளைப் பின்னல் கோடாகவோ சிவந்த புண்ணாகவோ தெரியும்.

அடுத்தது நிக்கல். இதைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வார்த்ததில் பெரும்பங்கு இதுதான். "மெட்டல் கேப்" என்று வெள்ளி நிறத்தில் போடுவது பெரும்பாலும் நிக்கல்-குரோமியம். அதில் நிக்கல் 60 முதல் 80 சதவீதம் வரை இருக்கும். குரோமியம் எடையில் அதைவிடக் குறைவு, கூடவே கொஞ்சம் மாலிப்டினம். மலிவு, உறுதி, மெல்லியதாக வார்க்கலாம், பீங்கான் நன்றாகப் பிடிக்கும். லேப்காரனுக்கு வேறென்ன வேண்டும்?

இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்றம் நடக்கிறது, யாரும் வேண்டுமென்று செய்வதில்லை என்றாலும். "செராமிக் கேப்" என்று சொல்லிப் போடுவதில் கணிசமானவை முழுக்கப் பீங்கான் இல்லை. உள்ளே உலோகத் தொப்பி, வெளியே பீங்கான் போர்வை. பார்க்க வெள்ளைப் பல். கேட்டால் "எனக்கு உலோகமே இல்லை, செராமிக்" என்பார்கள். பெரியம்மாவும் அப்படித்தான் சொன்னார்.

நிக்கலுக்குப் பெயர் வந்த கதையைச் சொல்லாமல் நகர மனமில்லை. ஜெர்மனியின் சுரங்கத் தொழிலாளர்கள் செம்பு என்று நினைத்து ஒரு தாதுவை உருக்கினார்கள். செம்பு வரவே இல்லை. குட்டிச்சாத்தான் வேலை என்று அந்தத் தாதுவுக்குச் சாத்தானின் பெயரையே வைத்தார்கள். 1751-ல் சுவீடனின் குரோன்ஸ்டெட் அதிலிருந்து புது உலோகத்தைப் பிரித்தபோது சாத்தானின் பெயரே உலோகத்துக்கும் நிலைத்தது. கோபால்ட்டின் பெயரும் இதே மாதிரி ஒரு சுரங்கப் பேயிடமிருந்து வந்ததுதான். ஒவ்வாமையிலும் இரண்டும் கூட்டாளிகள். நிக்கல் சேராத பலருக்குக் கோபால்ட்டும் சேர்வதில்லை. கழற்றி மாட்டும் பல் செட்டின் உலோகச் சட்டம் வழக்கமாகக் கோபால்ட்-குரோமியம். "நிக்கல் இல்லாத மெட்டல்" என்று கேப்புக்கும் அதைப் போடுகிறார்கள். அதனால் "நிக்கல் இல்லை" என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டுவிடக் கூடாது.

குரோமியத்தின் கதை சற்று விசித்திரம். கொத்தனார் கைகளில் வரும் சிமெண்ட் அரிப்பும், தோல் செருப்பு படும் பாதத்தில் வரும் அரிப்பும் பெரும்பாலும் குரோமிய உப்புகளால் வருபவை. அதே குரோமியம் கேப்பில் இருக்கும்போது மேலே மெல்லிய ஆக்சைடு தோலாகப் படிந்து, உள்ளே இருக்கும் நிக்கல் கரையாமல் காவல் காக்கிறது. குரோமியம் குறைந்த மலிவு அலாயில், அதாவது உலோகக் கலவையில், நிக்கல் அதிகம் கசியும். கேப் சிறியதோ பெரியதோ, கசிவுதான் ஒவ்வாமையைத் தீர்மானிக்கிறது.

பெரிலியம் என்று ஒன்றும் உண்டு. சில நிக்கல் அலாய்களில் 2 சதவீதம் வரை சேர்த்திருந்தார்கள். உருகிய உலோகம் எண்ணெய் மாதிரி ஓடும், பீங்கான் விடாமல் பிடிக்கும். ஆனால் தேய்க்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அந்த ஆபத்து போட்டுக்கொள்கிறவரைவிட எங்களுக்குத்தான் அதிகம். முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தேய்த்த நாட்களை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது. பல் உலோகங்களுக்கான ஐஎஸ்ஓ 22674 என்ற தரம், பெரிலியத்துக்கு 0.02 சதவீதம் என்று உச்சம் வைத்திருக்கிறது. நிக்கல் 0.1 சதவீதத்தைத் தாண்டினால் பொட்டலத்தில் சொல்லியாக வேண்டும். பொட்டலம் லேப்போடு நின்றுவிடுகிறது என்பதுதான் பிரச்சினை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தைகளின் பால் பல்லுக்குப் போடும் ஸ்டீல் கேப்பிலும், பல் வரிசைக்குப் போடும் கிளிப்பிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இருக்கிறது, அதில் நிக்கல் வழக்கமாக 8 முதல் 12 சதவீதம். கிளிப்பில் ஓடும் வளைந்து நிமிரும் கம்பி நிக்கல்-டைட்டேனியம், அதில் பாதிக்கு மேல் நிக்கல். தங்கக் கேப்பில் தங்கத்தோடு வெள்ளி, செம்பு, சில சமயம் பல்லேடியம் இருக்கும். நிக்கல் சேராதவர்களில் ஒரு பகுதிக்குப் பல்லேடியமும் சேராது, ஆகவே "தங்கம்தானே" என்று விட்டுவிட வேண்டாம். எலும்பில் பதிக்கும் இம்பிளான்ட் டைட்டேனியம். சுவீடனின் பிரோனெமார்க் 1965-ல் முதல் நோயாளிக்கு வைத்ததில் இருந்து இன்றுவரை அதற்கு ஒவ்வாமை வந்தவர்கள் மிகக் குறைவு. சிர்கோனியா பெயரில் உலோகம் மாதிரி ஒலித்தாலும் அது சிர்கோனியத்தின் ஆக்சைடு, வெள்ளைப் பீங்கான். உலோக ஒவ்வாமைக்காரர்களுக்கு இப்போது பெரும்பாலும் அதையே பரிந்துரைக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது

நேர்வழி காகிதம்தான். ஒவ்வொரு கேப்புக்கும் டாக்டர் லேப்புக்கு ஒரு சீட்டு எழுதுவார்: எந்தப் பல், என்ன நிறம், என்ன வகை. லேப் பில்லிலும் அது இருக்கும். ஆகவே கேப் போட்ட இடத்தில் "எந்த லேப்பில் செய்தது, என்ன அலாய்" என்று கேட்பதில் தப்பே இல்லை. சிர்கோனியா கேப்புகளுக்குக் கம்பெனி அட்டை தருவது வழக்கமாகிவிட்டது. இம்பிளான்ட் பெட்டியில் எண்ணோடு ஒட்டுத்தாள் இருக்கும், அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உலோகக் கேப்புக்குத்தான் நாதி இல்லை.

காகிதம் கிடைக்கவில்லை என்றால் கண். மங்கிய கருஞ்சாம்பல், பல்லின் குழிக்குள் மட்டும் என்றால் அமால்கம். முழுப் பல்லையும் மூடிய பளபளப்பான வெள்ளி நிறம் என்றால் நிக்கல் அல்லது கோபால்ட் கூட்டம். வெள்ளைப் பல்லாக இருந்து, ஈறை ஒட்டி நீலச்சாம்பல் கோடு தெரிந்தால் உள்ளே உலோகம் இருக்கிறது என்று பந்தயம் கட்டலாம். சிறிய கண்ணாடியை வைத்து நாக்குப் பக்கம் பாருங்கள். பல நேரம் அந்தப் பக்கம் பீங்கானை நிறுத்திவிட்டு ஓரத்தில் உலோகப் பட்டையை விட்டிருப்போம். இவ்வளவுதான் கண்ணால் முடியும். நிக்கலா கோபால்ட்டா என்று நிறம் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது.

எக்ஸ்ரேயும் சொல்லாது. எல்லா உலோகமும் அதில் ஒரே வெள்ளைதான். உள்ளே உலோகம் உண்டா என்பதற்குக்கூட முழு நம்பிக்கை வைக்க முடியாது, சிர்கோனியாவும் அடர்த்தியாகவே விழும். காந்தத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும் வைத்தியம் ஒன்று உலவுகிறது. பல்லுக்குப் போடும் நிக்கல்-குரோமியத்தைக் காந்தம் பெரும்பாலும் சட்டை செய்வதே இல்லை. காந்தம் ஒட்டவில்லை என்று நிம்மதி அடைந்தவருக்குத்தான் நஷ்டம்.

நகைகளுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. டைமெத்தில்கிளையாக்சிம் என்ற மருந்தையும் அம்மோனியாவையும் பஞ்சில் நனைத்துத் தேய்த்தால், நிக்கல் கசியும் இடத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும். கம்மலுக்கும் வாட்சுக்கும் அருமையான சோதனை. வாய்க்குள் இந்த மருந்தை வைக்கவே கூடாது. கழற்றிய கேப்பில் செய்தாலும் அந்தக் குரோமிய ஆக்சைடு தோல் மறைத்துவிட்டால் நிறம் வராமல் போகலாம்.

உறுதியான பதில் தருவது எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி. பெயர் பெரிதாக இருந்தாலும் நீங்கள் பார்த்த பொருள்தான். நகைக்கடையில் நகையைப் பெட்டிக்குள் வைத்துக் கேரட் பார்க்கும் மெஷின் இதே தத்துவம். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய கதிரைத் திருப்பி வீசும், மெஷின் அதை எண்ணிச் சதவீதம் போடும். கழன்று வந்த கேப்பை இதில் வைத்தால் நிக்கல், குரோமியம், கோபால்ட், பல்லேடியம் எல்லாம் வரிசையாக வரும். பெரிலியம் மட்டும் சிக்காது, அது அவ்வளவு இலேசான தனிமம். கேப் இன்னும் வாயில் இருக்கிறது என்றால், சில பெரிய பல் மருத்துவமனைகளில் ரப்பர் முனையால் மேலே லேசாக உரசி, ஒட்டிய துகளைச் சோதிக்கும் முறை உண்டு. ஜப்பானில் இதை அதிகம் செய்கிறார்கள்.

முதுகில் ஒட்டும் பிளாஸ்டர்

கேப்பில் என்ன இருக்கிறது என்பது பாதி விடை. உங்கள் உடம்புக்கு எது சேராது என்பது மறுபாதி. கேப்பில் நிக்கல் இருந்து, உங்களுக்கு நிக்கலோடு பகை இல்லை என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. நிக்கல் சேராதவர்களிலும் வாயில் நிக்கலை வைத்துக்கொண்டு ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள் உண்டு, எச்சில் ஓயாமல் கழுவிக்கொண்டே இருப்பதால்.

மறுபாதியைச் சொல்வது பேட்ச் டெஸ்ட். தோல் டாக்டர் செய்வது, பல் டாக்டர் இல்லை. பிளாஸ்டரில் இருக்கும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஒவ்வொரு உலோகத்தின் உப்பையும் வாசலினில் கலந்து வைத்து முதுகில் ஒட்டுவார்கள். நிக்கல் சல்பேட் என்றால் 5 சதவீதம், கோபால்ட் குளோரைடு 1 சதவீதம் என்று அளவு உண்டு. 48 மணி நேரம் கழித்துப் பிரிப்பார்கள். அன்றைக்கு ஒரு பார்வை, நான்காம் நாள் இன்னொரு பார்வை. உலோகங்களுக்கு ஏழாம் நாள் பார்ப்பதும் நல்லது, சிலவற்றுக்குத் தாமதமாகத்தான் சிவக்கும். ரத்தப் பரிசோதனையில் ஐஜிஇ என்று எடுப்பது இந்த வகை ஒவ்வாமைக்குப் பொருந்தாது. அதற்குப் பணம் கட்டிவிட்டு "ஒன்றுமில்லையாம்" என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கக் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மதுரை வெயிலில் பிளாஸ்டர் இரண்டு நாள் நிற்பதே பெரும்பாடு. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் மலைக் குளிர் உதவியது. திங்கட்கிழமை மலை இறங்கி ஒட்டிக்கொண்டு, அன்று மாலையே பண்ணைக்காடு பஸ்ஸில் பெரியம்மா ஏறிவிட்டார். அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, "வெள்ளிக்கிழமை தலைக்குக் குளிக்காம எப்பிடிடா வெளக்கேத்துறது?" வெள்ளிக்கிழமை காலை பார்த்து முடித்துவிடுவார்கள், வந்து குளித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்தேன்.

நிக்கல் இருந்த கட்டம் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் எழுந்திருந்தது. கோபால்ட் கட்டத்தில் லேசான சிவப்பு. பாதரசக் கட்டம் மற்றத் தோலைப் போலவே இருந்தது.

உலோகத்தின் மேல் பழி போடும் முன்

வாயில் எது எரிந்தாலும் கேப்பைக் குற்றம் சொல்வதும் சரியில்லை. கேப்பைச் சுற்றி ஈறு சிவக்க மிகச் சாதாரணமான காரணம் விளிம்பு ஒழுங்காக உட்காராமல் அழுக்கு சேர்வது. அது உலோகத்தின் குற்றம் இல்லை, எங்கள் கைவேலையின் குற்றம். எரிச்சலுக்கு இரும்புச்சத்துக் குறைவும் பி12 குறைவும் காரணமாகலாம். பூஞ்சையாக இருக்கலாம். பற்பசையில் இருக்கும் லவங்கப்பட்டை, புதினா வாசனைப்பொருட்கள் சிலருக்குச் சேராது.

பாக்கு, புகையிலை போடும் பழக்கம் உள்ளவருக்குக் காரம் பட்டால் வாய் எரிவதும், வாய் திறப்பது குறைந்துகொண்டே போவதும் வேறு சங்கதி. அது புற்றுநோய்க்கு முன்னோடியாகக் கூடிய பாதிப்பு. வெள்ளைப் படலம் எதுவானாலும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். தேவை என்றால் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். "கேப் ஒத்துக்கலை போல" என்று வீட்டிலேயே முடிவு செய்து மாதங்களைக் கடத்துவதுதான் மிகவும் ஆபத்து.

இன்னொன்று, சாக்லேட். கொடைக்கானல் கடைகளில் விற்கும் வீட்டுச் சாக்லேட்டைச் சுற்றியிருக்கும் ஜிகினாத் தாள் துணுக்கு ஒன்று அமால்கம் அடைப்பில் பட்டால் சுருக்கென்று மின்சாரம் அடித்தாற்போல் வலிக்கும். அடித்ததும் மின்சாரம்தான். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்பெச்சில், ஒரு குட்டி பேட்டரி. தாளைத் துப்பினால் வலி போய்விடும். ஒவ்வாமைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

பெரியம்மாவின் கணக்கிலும் ஒரு உபரி இருந்தது. இடது கை விரல் நுனிகள் தோலுரிந்து வெடித்திருந்தன. அதுவும் நிக்கலால்தானோ என்று எனக்குச் சந்தேகம். தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பூண்டு உரிப்பீங்களா?" மலைப்பூண்டு சீசனில் பெரியம்மா நாளெல்லாம் உரிப்பார். இடது கையில் பூண்டைப் பிடித்து வலது கையில் கத்தி. பூண்டில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் சிலருக்கு விரல் நுனியில் இப்படி வரவழைக்குமாம், அதுவும் பூண்டைப் பிடிக்கும் கையில்தான் அதிகம். கையுறை போடச் சொன்னார். பெரியம்மா போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வலது கேப்புக்கு மட்டும் பரிசோதனை முடிவும் இடமும் பொருந்தின. நிக்கல் சேராது என்று முதுகு சொன்னது. கேப் உரசும் இடத்தில் மட்டும் கோடுகள், வேறெங்கும் இல்லை. கேப் செய்த லேப்புக்குப் போன் செய்தபோது "நிக்-குரோம்தாண்ணே, எந்த கம்பெனின்னு பாக்கணும்" என்றார்கள், பார்க்கவில்லை. டாக்டர் கேப்பை வெட்டி எடுத்து, சிர்கோனியா போட்டார். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஈறு தன் நிறத்துக்கு வந்தது. கன்னக் கோடுகள் மறைய இன்னும் கொஞ்சம் நாள் பிடித்தது. இடது பக்கத்துப் பழைய அடைப்பை யாரும் தொடவில்லை.

வெட்டி எடுத்த கேப்பைக் கேட்டு வாங்கி, பழக்கதோஷத்தில் திண்டுக்கல்லில் தெரிந்த நகைக்கடையில் மெஷினில் வைத்துப் பார்த்தேன். நிக்கல் 60 சதவீதத்துக்கு மேல், குரோமியம் 20-க்கு மேல், மிச்சம் மாலிப்டினமும் சில்லறையும். கடைக்காரர் "தங்கம் சுழியம்ணே" என்று மிகுந்த அக்கறையோடு சொன்னார்.

அதை ஒரு தாளில் மடித்துப் பெரியம்மாவிடம் கொடுத்தபோது, "பழைய இரும்புக்காரன் எடுத்துக்குவானா?" என்று கேட்டார். தாளின் மேல் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்: நிக்கல் சேராது, கோபால்ட் சந்தேகம், பல்லேடியம் தவிர்க்கவும், வலது மேல் கேப் சிர்கோனியா, இடது கீழ் அடைப்பு அமால்கம். மூட்டு மாற்றுவது, இதயத்துக்கு ஸ்டென்ட் வைப்பது என்று நாளைக்கு எது வந்தாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்றேன். கேப்பைத் தூர எறிந்துவிட்டுத் தாளை மட்டும் பேங்க் பாஸ்புக் உறைக்குள், ஆதார் அட்டைக்குப் பின்னால் செருகி வைத்துக்கொண்டார்.